ஒன்பதாவது உருவம்

வீடு மூன்றாவது மாடியில். மத்தியானம் இரண்டு மணி, நல்ல வெயில். லிஃப்ட் வேலை செய்யாததால் மடிக்கணினியையும் கம்பிகளையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினேன். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். கணவன் இறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. "வாங்கக்கா" என்று அவள் சொன்னதுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் சொந்த வீட்டில் இவள் ஏன் கிசுகிசுக்கிறாள்?

சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை என் கணவர் எழுதுகிறார். அது ஒழுங்காக நடிக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இந்தப் புத்தியை நான் வீட்டிலும் கழற்றி வைப்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை உண்டு.

இவளுடைய கணவர் மகளுக்காகவே ஒரு விளையாட்டு எழுதி, பெட்டியில் செருகும் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜில் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏழு வயது மகள் சிட்டு இப்போது யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. பள்ளி விட்டு வந்தால் அந்த விளையாட்டு ஒன்றுதான். அதை ஓட்டும் பெட்டியோ இன்றைக்கா நாளைக்கா என்று கிடந்தது.

"அது நின்னு போச்சுன்னா என் பொண்ணு என்ன ஆவாளோன்னு பயமா இருக்குக்கா. எப்படியாவது கம்ப்யூட்டர்ல ஓட வச்சுக் குடுங்க."

நீண்ட நடைவழியைத் தாண்டி அவர் வேலை செய்த அறைக்குக் கூட்டிப்போனாள். கார்ட்ரிட்ஜைப் பிரதி எடுத்தேன். பெட்டியையும் மடிக்கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் அழுத்தும் பொத்தான் இரண்டுக்கும் போகும்படி இணைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான வழி கிடையாது.

பழைய பெட்டிக்குள் மூன்று வேலைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் படம் வரைவார், ஒருவர் சத்தம் கொடுப்பார். மூவரும் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள். எமுலேட்டரோ ஒற்றை ஆளாக மூன்று வேடத்தையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இம்மி பிசகினாலும் விளையாட்டு குளறுபடியாகிவிடும். படம் வரைகிற ஆளுக்கு ஒரு பலவீனமும் உண்டு. திரையை வரி வரியாக வரையும் அவரால் ஒரு வரியில் எட்டு உருவங்களுக்கு மேல் வரைய முடியாது. ஒன்பதாவது உருவம் உள்ளே இருக்கும், நகரும். திரையில் மட்டும் வராது.

எங்கள் எமுலேட்டருக்கு அந்தப் பலவீனம் கிடையாது. அசலைப் போல இருக்கட்டும் என்று நாங்களாக வைத்திருக்கும் வரம்பு அது. அமைப்புகள் பக்கத்தில் ஒரு டிக்கை எடுத்தால் போய்விடும்.

விளையாட்டு என்று பெயர்தானே தவிர அதில் ஒன்றுமில்லை. ஒரு நடைவழி, ஏழு தொட்டிச் செடிகள், மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண். அவளும் செடிகளும் ஒரே உயரம். எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, அவளால் குதிக்கக்கூட முடியாது. கடைசிக் கதவுவரை நடந்தால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும்.

இதில் செடிகள்தான் என்னை உறுத்தின. அசையாத செடியைப் பின்னணியோடு சேர்த்து வரைந்துவிடலாம், அது எந்தக் கணக்கிலும் வராது. விளையாட்டை எழுதியவரோ வேலை மெனக்கெட்டு ஏழையும் தனித்தனி உருவமாக வைத்திருந்தார். ஏழு செடி, ஒரு பெண். ஒரே வரியில் சரியாக எட்டு. எதையோ மறைக்கிறார் என்று என் மூக்கு சொன்னது. நான் டிக்கை எடுத்தேன். யாரையும் கேட்காமல் எடுத்தேன், அதுதான் நான் செய்த தப்பு.

மடிக்கணினியில் பெண்ணுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

சாம்பல் நிறம். முகம் இல்லை. அவள் உயரத்துக்கு வருவதற்காக நன்றாகக் குனிந்திருந்தார். பக்கத்தில் பெட்டியோடு இணைந்த டிவியில் அதே இடம் காலியாக இருந்தது.

பிரதியில் கோளாறு என்று மறுபடி எடுத்தேன். மாறவில்லை. கணவருக்குப் போன் செய்து, "உங்க வேலையா இது?" என்று கேட்டேன். "என்னைச் சந்தேகப்படாத நாள் ஒண்ணாவது உண்டா உனக்கு?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெண்ணை நான்கு அடி நடக்க வைத்தேன். அவரும் நான்கு அடி நடந்தார். நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். பெண் நின்றாள்.

அவர் நிற்கவில்லை.

"ஆன்ட்டி."

எப்போது வந்தாளோ, சிட்டு என் தோளுக்குப் பின்னால் புத்தகப் பையோடு நின்றிருந்தாள். திரையைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. என்னைத்தான் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவரை ஏன் காட்டினீங்க?"

 அவள் அம்மா அறை வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தாள், பிறகு நடைவழியைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். நிஜ நடைவழியின் தரையில் வரிசையாக வட்டக் கறைகள்.

எண்ணினேன். ஏழு.

"இங்க என்ன இருந்துச்சும்மா?"

"செடிக்கா. என் வீட்டுக்காரரு யாரையும் தொட விடமாட்டாரு. ராத்திரி பகல்னு இல்லாம இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டிருப்பாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டாரு." அவள் குரல் உடைந்தது. "போன வாரம்தான் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன்." விளையாட்டில் அந்த உருவத்தை மறைத்து வைத்தவை ஏழு செடிகள்தான்.

அவசரமாக டிக்கைத் திரும்பப் போட்டேன். உருவம் மறைந்தது. அம்மா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. வரம்பு வரைவதைத்தான் தடுக்கும், நடப்பதைத் தடுக்காது. எந்த உருவம் எங்கே நிற்கிறது என்று காட்டும் எண்களைத் திறந்து பார்த்தேன். சின்னப் பெண்ணின் எண் நூற்று இருபதில் அசையாமல் இருந்தது. ஒன்பதாவது உருவத்தின் எண் ஏறிக்கொண்டிருந்தது.

நூற்றுப் பத்து.

நூற்றுப் பதினைந்து.

நூற்று இருபது.

அங்கே நிற்கும் என்று நினைத்தேன். நிற்காமல் அவளைக் கடந்து கதவுவரை போனது. பிறகு அந்த வரிசையே பூஜ்யமாகிவிட்டது. விளையாட்டுக்குள் இப்போது எட்டு உருவங்கள்தான் இருந்தன.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.  "ரெண்டு துணி எடுத்துக்கோம்மா. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பு. என் வீட்டுல இருக்கலாம்."

அவள் உள்ளே ஓடினாள். கிடைத்ததைப் பைக்குள் திணித்தாள். பெட்டி, கார்ட்ரிட்ஜ், என் கம்பிகள் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடைவழியில் சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தோம். சிட்டு என் கையைப் பிடித்திருந்தாள். வெளியே வெயில் அடித்தது, கீழே யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. தப்பித்துவிட்டோம் என்று நானே நம்பினேன்.

அம்மா கதவை இழுத்துச் சாத்தப் போனாள். சிட்டு என் கையை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இரும்மா."

கதவை நன்றாகத் திறந்து, வழிவிடுவதுபோல ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவள் பார்வை வாசற்படியிலிருந்து மெதுவாக எங்கள் பக்கம் வந்தது. எனக்குப் பின்னால், கொஞ்சம் தாழ்வாக ஓர் இடத்தில் போய் நின்றது.

"இப்பப் பூட்டும்மா," என்றாள்.