டீ வாங்கப் போன ஏழாம் கியர்

ஆன்ஸ்லின் லீவரை அழுத்தினாள். கியர் மாறவில்லை. மறுபடி அழுத்தினாள். பின்சக்கரத்தின் ஓரமாகத் தொங்கும், வயர் இல்லாமல் லீவரின் சிக்னலிலேயே கியர் மாற்றும் மோட்டார் செத்த நண்டு மாதிரி அசையாமல் கிடந்தது.

காலை ஏழே முக்கால். ஒன்பது மணிக்கு இதே மார்த்தாண்டம் சைக்கிள் கடை வாசலிலிருந்து வேன் கிளம்பும். திருநெல்வேலியில் மாநில அணித் தேர்வு. தேறினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனு போடலாம். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

அவள் அழவில்லை. சாலையைக் கடந்து எதிரிலிருந்த காவல் நிலையத்துக்குள் நுழைந்தாள்.

"எனக்க மோட்டார மாத்திப்புட்டான் மேடம். நல்லா ஓடினத நேத்து சர்வீசுக்கு விட்டேன். அந்தக் கடைக்காரன்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் பிரிஜா திருவிழா பந்தோபஸ்து முடிந்து அப்போதுதான் ஷூவைக் கழற்றியிருந்தாள். வீங்கிய கால் திரும்ப உள்ளே போக மறுத்தது. ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டே கிளம்பினாள். சைக்கிளில் மோட்டார், அதற்கு ஒரு திருடன். இன்றைக்கென்று பார்த்து வர வேண்டுமா?

கடைக்காரன் ஷாஜன் வியர்த்து நின்றான். வாசலில், தன் சைக்கிளைப் பிடித்தபடி, அதே வேனில் போகவேண்டிய கடற்கரை ஊர்ப் பையன் ரெஜின். இரண்டு சைக்கிளும் துபாய்க்காரர் ஒருவர் கிளப்புக்கு அனுப்பிய ஒரே ரகம், ஒரே நிறம்.

"ஒத்த கியர்ல ஓட்டினாலே நீ ஜெயிப்பட்டி. வெப்ராளப்படாத," என்று ரெஜின் ஆன்ஸ்லினைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

பிரிஜா ஆன்ஸ்லினின் சைக்கிளைக் குனிந்து பார்த்தாள். மோட்டாரின் திருகில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு.

"ஒனக்கு வீடு எங்க பிள்ளே?"

"புதுக்கடை மேடம். ரப்பர் தோட்டத்துப் பக்கம்."

பிரிஜா அந்தச் சைக்கிளின் கைப்பிடியிலிருந்து வேகமும் கியரும் காட்டும் மீட்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். மூலையில் 6 என்று இருந்தது. கண்ணைக் கசக்கினாள்.

"மேடம் ரொம்பத் தளந்து போயிருக்கியளே. நான் டீ வாங்கிட்டு வாறேன்," என்று ரெஜின் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினான். மீட்டரில் 7 வந்தது. பிறகு எண்ணே இல்லை, இரண்டு கோடுகள் மட்டும். தூக்கக் கலக்கம் என்று பிரிஜா நினைத்தாள்.

"நேத்து சாயங்காலம் கடைய யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல்ல மேடம். ஜெபமாலை மாசம்லா, மாதாவுக்கு வீடு வீடா போயி ஜெபம் சொல்லுவோம். நான் போயிட்டு வந்தேன்."

"பூட்டாமலா?"

"இஞ்ச யாரு பூட்டுவா? அதுக்குள்ள ரெஜின் வந்து அவனுக்க சைக்கிள எடுத்துட்டுப் போயிருக்கான். டூல்ஸ எல்லாம் அவனே எடுத்துக்கிடுவான். பழக்கம்தான்."

"இது ஏன் வேலை செய்யல்ல?"

"லீவரும் மோட்டாரும் ஒரே கம்பெனி மேடம். ரெண்டையும் சேத்து பட்டன அமுக்கி ஜோடி போடணும். பெறவு அதுக ரெண்டும் மட்டுந்தான் பேசிக்கிடும். வேற லீவர்கூட ஜோடி போட்டா பழைய ஜோடி அழிஞ்சிரும்."

"இந்த மீட்டர்?"

"அது வேற கம்பெனி. ஆனா பொது சிக்னல் கேக்கும். மோட்டார் 'இப்ப இந்தக் கியர்'னு சும்மா சொல்லிட்டே இருக்கும். எந்த மோட்டார்னு ஒருக்கா பதிஞ்சு வச்சா மீட்டருக்கு அது மட்டும் கேக்கும். இப்ப இது செத்துல்லா கெடக்கு, கோடுதான் வரும். பாருங்க."

கோடுதான் இருந்தது. ஷாஜன் பெருமூச்சு விட்டான். "நான் எடுக்கல்ல மேடம். எனக்க கடப் பேரு போச்சு."

"பின்ன அது கால் மொளச்சு நடந்துச்சா?" என்றாள் ஆன்ஸ்லின்.

பிரேக் சத்தம். ரெஜின் பிளாஸ்க்கோடு வந்து நின்றான்.

பிரிஜாவின் உள்ளங்கையில் கோடுகள் மறைந்து 4 வந்தது.

அவள் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். தூக்கம் கலைந்தது டீயால் அல்ல.

"மோனே, அந்த லீவர ஒருக்கா அமுக்கு."

"எதுக்கு மேடம்?"

"அமுக்கு."

அமுக்கினான். அவன் சைக்கிளின் மோட்டார் 'ஸ்ஸிக்' என்றது. பிரிஜா மீட்டரை ஆன்ஸ்லினிடம் நீட்டினாள். 5.

"இன்னொருக்கா."

6.

"எனக்க மீட்டர்ல அவனுக்க கியரா?" ஆன்ஸ்லின் மீட்டரை ரெஜினின் சைக்கிளுக்கு நேரே நீட்டினாள்.

"அவனுக்க கியர் இல்ல பிள்ளே, ஒனக்கதுதான்." பிரிஜா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ரெஜின், நீ கடக்கரைக்காரன். மீன் ஏலம் கேட்டிருப்பியே? ரெண்டு பேரு காதுக்குள்ள வெல பேசினா வெளிய தெரியாது. லீவரும் மோட்டாரும் அப்பிடி. அத நீ கச்சிதமா அழிச்சு ஒனக்க லீவரோட ஜோடி போட்டுட்ட. ஆனா மோட்டார் ஏலக்காரன் மாதிரி கரையில நின்னு கூவவும் செய்யும். அந்தக் கூவல் இந்த மீட்டருக்குப் பழக்கம். அத நீ மறந்துட்ட. டீ வாங்கப் போனப்ப கூவல் நின்னுச்சு. திரும்பி வந்தப்ப கேட்டுச்சு."

ரெஜின் தலை தொங்கியது.

"மணல்ல ஓட்டி எனக்க மோட்டார்ல உப்புத் தண்ணி ஏறிட்டு மேடம். எனக்கும் இதான் கடைசி வருசம். ஜெபமாலைச் சத்தம் கேட்டுட்டே இருந்து... அது முடியிறதுக்குள்ள மாத்திட்டேன்."

"அதுக்கு என்னையா கள்ளனாக்கின?" ஷாஜன் ஸ்பேனரைக் கீழே போட்டான். பிறகு அதையே எடுத்து வேலையைத் தொடங்கினான். ஆன்ஸ்லினின் மோட்டார் அவள் சைக்கிளுக்குத் திரும்பியது. உப்புப் பூத்தது ரெஜினின் சைக்கிளுக்கு. இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கியதும் பச்சை விளக்கு எரிந்தது.

வேன் ஹார்ன் அடித்தது.

"கேஸ் எழுதட்டா?" பிரிஜா ஆன்ஸ்லினைக் கேட்டாள். எழுதினால் ரெஜின் இன்று ஸ்டேஷன் பெஞ்சில்தான். அவனும் அதை அறிந்து நின்றான்.

ஆன்ஸ்லின் தன் சைக்கிளை வேனில் ஏற்றினாள். பிறகு திரும்பி வந்து ரெஜினின் சைக்கிளையும் தூக்கினாள்.

"வேண்டாம் மேடம். அவனும் வரட்டு. ஒத்த கியர்ல ஓட்டினாலே ஜெயிக்கலாம்னு அவன்தானே சொன்னான்."

ரெஜின் தலை நிமிராமல் வேனில் ஏறினான். பிரிஜா பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை ஷாஜனுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"இன்னைக்கு ஜெபமாலைக்குப் போவியா?"

"போவேன் மேடம்."

"பூட்டிட்டுப் போ," என்றாள் பிரிஜா, செருப்பை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தபடி.