இரண்டு குட்டை, ஒரு நெட்டை

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. சிங்காநல்லூர் பம்பு காலனி மூன்றாம் வீதியில் பதினான்கு வீடுகளின் கேட்டும் ஒரே சமயத்தில் திறந்தன. பதினான்கு கார்கள், உள்ளே ஓர் ஆள்கூட இல்லாமல், தாமாக வெளியே வந்தன. சோம்பல் முறிப்பதுபோல் முன் சக்கரங்களை இடமும் வலமும் ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டு மேய்ச்சலுக்குக் கிளம்பின. ஆட்கள் மட்டும் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று கையசைத்தார்கள். நீலக்காய்ச்சல் ஊரடங்கின் முப்பத்தெட்டாம் நாள் அது. அடங்க வேண்டியது மனிதர்தான். வண்டிக்குக் காய்ச்சல் வராது.

வண்டிக்குள் ஓட்டுமூளை என்று ஒன்றை வைத்த நாளிலிருந்து இந்தத் தொல்லை. மூன்று நாள் ஓடாமல் நின்றால் அதற்கு மறதி தட்டும். ஐந்தாம் நாள் பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாது. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஊரடங்கில் இந்த விவரம் தெரியாமல் பூட்டி வைத்த வண்டி ஒன்று, திறந்துவிட்ட அன்று பின்பக்கமாகவே பொள்ளாச்சி வரை போய்ச் சேர்ந்தது. ஆகவே இந்த முறை அரசாங்கம் முன்யோசனையோடு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. ராமநாதபுரம் சிக்னல் வரை போய்த் திரும்பினால் போதும், மூளை துருப்பிடிக்காது.

"பாத்துப் போ கண்ணு. ஓரமாவே போ" என்று தன் வண்டியின் முதுகைத் தட்டினார் நாச்சிமுத்து. வயது அறுபத்து மூன்று. பம்பு செட் பழுது பார்த்து ஓய்வுபெற்றவர். வண்டியின் பெயர் பவளம். செந்நிறம், சாது. தெருமுனைக்குப் போனதும் தயங்கி நின்றது. குறுக்கே ஒரு பூனை போயிற்று. பூனை போன பிறகும், அதன் குட்டிகள் ஏதும் பின்னால் வரலாமென்று சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டுத்தான் திரும்பியது.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பவளம் வீடு திரும்பியபோது இடப்பக்கம் தலையிலிருந்து வால் வரை ஒரு கீறல். போர்ட்டிகோவில் நின்று, மழையே இல்லாமல் வைப்பரைப் படபடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. வண்டிகள் நடுங்கும் விதம் அது.

நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி வண்டியின் நெற்றியில் இருந்த மின்பலகையைப் பார்த்தார். 'மிரட்சிப் பதிவு: இரண்டு' என்று சிவப்பில் எழுதியிருந்தது. நடுரோட்டில் பயந்து உறைந்து நின்றால் ஒரு பதிவு. மூன்று ஆகிவிட்டால் மிரண்ட வண்டி என்று முத்திரை குத்தி, மூளையைத் துடைத்துவிடுவார்கள். மேல்முறையீடு கிடையாது.

துடைத்த மூளை கைக்குழந்தைக்குச் சமம். யாராவது ஒருவர் மறுபடி மூன்று ஆண்டு கையால் ஓட்டிக் காட்டினால்தான் அது பார்த்துப் பார்த்துப் படித்துக்கொள்ளும். அந்த ஆளுக்குச் சட்டத்தில் 'பழக்கினவர்' என்று பெயர். முன்னொரு காலத்தில் புத்தக விதிகளை மட்டும் ஏற்றி ஒரு வெளிநாட்டு மூளையை அனுப்பிப் பார்த்தார்கள். அது காந்திபுரத்தில் "முதலில் நீங்கள் போங்கள்" என்று பத்தொன்பது நாள் நின்றது. கடைசியில் அதன் பானெட்டின்மேல் ஒருவர் பூக்கடை வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உள்ளூர் ஆளே பழக்க வேண்டும் என்று விதி வந்தது.

பவளத்தைப் பழக்கினவர் துளசிமணி. வண்டி வாங்கிய புதிதில் நாச்சிமுத்துவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை. அவரைப் பின்னிருக்கையில் கிடத்தி, மூன்று ஆண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் துளசிமணிதான் ஓட்டினார். வழியிலிருந்த அத்தனை பள்ளமும் பவளத்துக்கு மனப்பாடம். எந்தப் பள்ளத்துக்கு அவர் "அம்மா" என்பார், எதற்குப் பல்லைக் கடிப்பார் என்பதுகூடத் தெரியும். அந்த மூளையைத் துடைப்பதா? நாச்சிமுத்து பல்லைக் கடித்தார். இந்த முறை பள்ளம் ஏதும் இல்லை.

பவளத்தின் பின்கண் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வெள்ளை வண்டி. எதிர் வீட்டு ஜெசிந்தா டீச்சரின் ஸ்டெல்லா. ரோடு முழுக்கக் காலியாகக் கிடக்க, பவளத்தின் வாலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சிக்னலில் சிவப்பு மாற இன்னும் ஏழு விநாடி இருக்கும்போது ஹாரன் அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பாம், பாம், பாஆஆம். பவளம் உறைந்து போயிற்று. ஸ்டெல்லா இடப்பக்கம் இருந்த ஒரு முழ இடைவெளியில் உரசிக்கொண்டு நுழைந்து, சிவப்பிலேயே பாய்ந்து, எதிர்த்திசைப் பாதையில் போய் மறைந்தது.

"இப்படிப் பழக்கினவனை ஆத்தா கஞ்சி ஊத்தி வளத்தாளா, கள்ளிப்பால் ஊத்தி வளத்தாளான்னு தெரியல" என்றார் நாச்சிமுத்து.

"உங்க ஆத்தாளை எதுக்கு இழுக்கறீங்க" என்றார் துளசிமணி, யோசனையாக.

"யார் ஆத்தாளை?"

"இல்லீங்க, பொதுவாச் சொன்னேன். இந்த ஹாரனை நான் எங்கயோ கேட்டிருக்கறனுங்க."

"ஊர்ல எல்லாக் கழுதையும் ஒரே மாதிரிதான் கத்தும் புள்ள."

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் இரண்டு சின்ன விசிலும் ஒரு நீள விசிலும் விட்டது. வெளியே தடாலென்று ஓர் ஓசை. பவளம் அந்த விசிலுக்கே மிரண்டு, பின்னால் போய்த் துளசிச் செடித் தொட்டியில் இடித்துக்கொண்டு நின்றது. வீட்டு எல்லைக்குள் மிரண்டால் பதிவு ஆகாது என்பது ஒன்றே ஆறுதல். அன்றிலிருந்து அந்த வீட்டில் சட்டியில்தான் சோறு பொங்கியது.

நாச்சிமுத்து மாடிக்குப் போய் எதிர் மாடியைக் கூப்பிட்டார். ஜெசிந்தா டீச்சர் நாற்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியும் ஒரு பிள்ளையை அதட்டாதவர். கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். வண்டி ஊரடங்குக்கு முந்தின வாரம் வாங்கியதாம். உடம்புதான் புதிது, உள்ளே பழைய மூளை. தகரம் பத்து ஆண்டில் துருப்பிடிக்கும், மூளை நாற்பது ஆண்டு தாங்கும் என்பதால் அப்படிக் கூடு மாற்றி விற்பது வழக்கம்தான். "ஊரடங்கு வந்துட்டதால நான் அதுல ஏறி ஒரு தடவைகூடப் போகலைங்ணா. நேத்து ஜெபம் பண்றப்பகூட எனக்குப் பின்னாடி நின்னு ஹாரன் அடிக்குது" என்றார்.

நாச்சிமுத்து நம்பவில்லை. பூனையும் பால் குடிக்குமா என்று இருப்பவர்களைத்தான் அவர் முதலில் சந்தேகப்படுவார். "பழக்கினது நீங்களோ, வேற எவனோ, எனக்கு அது தேவையில்லீங்க டீச்சர். எவனானாலும் அழுகணும். நான் அதைக் கண்ணால பாக்கணும்" என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு இறங்கினார்.

சாலை நடுவத்துக்கு மனு எழுதினார். இந்த நடுவத்தில் ஒரு நல்ல வழக்கம். வண்டி தப்புச் செய்தால் தண்டனை வண்டிக்கு இல்லை, சொந்தக்காரருக்கும் இல்லை, பழக்கினவருக்கு. என்ன தண்டனை என்பதை அடிபட்டவரே எழுதிக் கொடுக்கலாம். சாதாரணமாக ஜனங்கள், நூறு முறை தோப்புக்கரணம் என்று எழுதுவார்கள். நாச்சிமுத்து நான்கு நாள் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து எழுதினார். முழங்கால் வலிகூட அந்த நான்கு நாளும் தெரியவில்லை.

பழக்கினவர் ஒரு குஞ்சுவண்டியில் உட்கார வேண்டும். குஞ்சுவண்டி என்பது ஒரே இருக்கை, மூன்று சக்கரம், வேகமே போகாத பொடி வண்டி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரோட்டு விதி சொல்லிக்கொடுக்க வைத்திருப்பது. மேய்ச்சல் நேரத்தில் அது முன்னால் போக, அவர் பழக்கிய மூளையே பின்னால் வர வேண்டும். ஊரடங்கு முடியும்வரை தினமும். இதை எழுதிவிட்டு ஆறிப்போன காப்பியைக் குடித்தார். பிறகு, குஞ்சுவண்டியில் ஹாரன் இருக்கக் கூடாது என்று சேர்த்தார். கொஞ்ச நேரம் உலாத்திவிட்டு வந்து, ஹாரன் சத்தம் நன்றாகக் காதில் விழும்படி ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்.

கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'மன்னிப்புக்கு இடமில்லை.'

"அதுல மட்டும் கை வெக்காதீங்க. நாளைக்கு மனசு மாறும்" என்றார் துளசிமணி.

"மாறக் கூடாதுன்னுதான் வெக்கறேன்" என்று கட்டத்தில் அழுத்தினார்.

விசாரணை வீட்டுக் கூடத்துச் சுவர்த்திரையில் நடந்தது. ஒரு பாதியில் ஜெசிந்தா டீச்சர், மறு பாதியில் நடுவர். நடுவர் ஓர் இயந்திரம். ஈரோட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் பழகியது. ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும், இல்லாத மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்கான நேரம் மௌனமாக இருக்கும்.

டீச்சர் மூளையைப் பழக்கவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது. நாச்சிமுத்துவுக்கு அதில் வருத்தமில்லை. பெரிய மீன் பின்னால் வருகிறது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நடுவர் மூளையின் எண்ணைப் படித்து, அதன் ஆதிப் பதிவைத் திரையில் போட்டது.

ராமநாதபுரம் சிக்னல். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஊரடங்கு. நாலு பக்கமும் ரோடு, துடைத்து வைத்த தட்டுப்போல் கிடந்தது. ஆள் இல்லை, மாடு இல்லை, ஒரு நாய்கூட இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. வண்டிக் கண்ணாடியில் 'அவசரப் பணி' என்று ஒட்டிய அனுமதிச் சீட்டு. பக்கத்து இருக்கையில் அரைக் கிலோ ஆட்டுக்கறியும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும். ஸ்டீயரிங்கின் மேல் ஒரு கை, விரலில் பச்சைக்கல் மோதிரம். கட்டைவிரல் அழுத்தியது. பாம், பாம், பாஆஆம். பிறகு வண்டி சிவப்பிலேயே பாய்ந்து, எதிர்த்திசைப் பாதையில் போயிற்று. காலியாக இருந்த தன் பாதையை விட்டுவிட்டு, காலியாக இருந்த அடுத்தவர் பாதையில்.

துளசிமணி கணவரின் விரலைப் பார்த்தார். நாச்சிமுத்து அந்தக் கையை மெல்ல வேட்டிக்கடியில் வைத்தார். முழங்கால் அறுவைக்கு முன்பு அவரிடமிருந்த பழைய வண்டி. எக்ஸ்சேஞ்சில் போட்டுப் பவளத்தை வாங்கினார். அது உடம்பு மாறி எதிர் வீட்டுக்கே வந்து சேருமென்று யார் கண்டது.

அந்த ஊரடங்கில் மட்டும், அந்த ஒரு சிக்னலில் மட்டும், நூற்றுப் பன்னிரண்டு முறை இதே பாடம் நடந்திருக்கிறது என்றது நடுவர். பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறது. பிறகு கண்ணாடி துடைக்கும் மௌனம்.

"ரோட்டுல யாருமே இல்லீங்களே. யாருக்கு ஹாரன் அடிச்சீங்க?"

நாச்சிமுத்து வேட்டிக்கடியில் மோதிரத்தைத் திருகினார். பொய் சொல்லவும் ஒன்றும் அகப்படவில்லை.

"சிக்னலுக்குங்க" என்றார்.

மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிப் பார்த்தார். முழங்காலைக் காட்டினார். டீச்சரும் பாவப்பட்டுத் தான் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அடிபட்டவர் நாச்சிமுத்து என்பதால் டீச்சரின் மன்னிப்புச் செல்லாது என்று நடுவர் விளக்கியது. அடிபட்டவரோ மன்னிப்புக்கு இடமில்லை என்று கட்டத்தில் அழுத்தமாகக் குறித்திருக்கிறார். மனுதாரரின் மனம் கோணும்படி நடுவம் எதையும் செய்யாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியபோது, குஞ்சுவண்டியில் முழங்கால் இரண்டும் காதைத் தொட நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. பின்னால் ஸ்டெல்லா வாலை முகர்ந்துகொண்டு நின்றது. பக்கத்துப் பாதையில் பவளம் அவருக்கு ஈடாக மெதுவாக வந்தது. அவருக்கு அதில் ஒரு நிம்மதி. கழுதை இனி தன்னைத்தான் துரத்தும், பவளத்தை விட்டுவிடும். துளசிமணி வீட்டில் சுவர்த்திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்காநல்லூரிலிருந்து ராமநாதபுரம் வரை இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஒவ்வொரு ஹாரனுக்கும் பக்கத்தில் பவளத்தின் வைப்பர் ஒரு முறை துடித்தது, ஓட்டத்தில் இருந்ததால் உறையவில்லை. உழவர் சந்தை தாண்டும்போது அவருக்குக் காது அடைத்தது. பாதி வழியில் கண்ணில் நீர் வந்தது. எவனானாலும் அழுகணும் என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னபடி கண்ணால் பார்க்கத்தான் முடியவில்லை, குஞ்சுவண்டியில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. இனி வாழ்நாளில் ஹாரனைத் தொடுவதில்லை என்று மருதமலை முருகன்மேல் சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார்.

ராமநாதபுரத்தில் சிவப்பு. நின்றார்கள். எதிரே யாருமில்லை. குறுக்கே யாருமில்லை. இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று விளக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பவளம் கோட்டுக்கு ஒரு முழம் முன்பாகவே அடக்கமாக நின்றது.

பன்னிரண்டில் நாச்சிமுத்துவின் கால் ஆடத் தொடங்கியது. பத்தில் கட்டைவிரல் ஸ்டீயரிங்கின் நடுவில் எதையோ தேடியது. அங்கே ஒன்றுமில்லை, அவர் கையால் எழுதி எடுக்கச் சொன்னது. எட்டில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

ஏழு விநாடி இருந்தது.

"பாம், பாம், பாஆஆம்" என்றார், வாயால்.

பின்னால் ஸ்டெல்லா இரண்டு விளக்கையும் ஒரு முறை சிமிட்டியது. பிறகு, காணாமல் போன தகப்பனைக் கண்டதுபோல் ஆசையோடு அதையே திருப்பிச் சொன்னது. ஆனால் நாச்சிமுத்து அதைக் கேட்கவில்லை. பக்கத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பச்சை விழுந்த பிறகும் பவளம் நகரவில்லை. மழையே இல்லாமல் வைப்பரைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு நின்றது. அதன் பலகையில் இரண்டு என்ற எண் மறைந்து, மூன்று வந்தது.