கேட்காமல் கொடுத்த ஊசி

மருத்துவரின் வாய் ஓய்ந்திருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதரா அவர்? அறுவை அரங்கின் மூலையில், ரோபோவை இயக்கும் பெட்டி போன்ற மேடைக்குள் முகத்தைப் புதைத்து, விரல்களை ஆட்டிக்கொண்டே மாமியார் முதல் மந்திரி வரை வைது தீர்ப்பார். அவர் விரல் அசைகிறபடியே இங்கே நோயாளியின் நெஞ்சுக்குள் ரோபோவின் கைகள் அசையும். பக்கத்தில் நின்று ஊசியும் கத்தரியும் மாற்றித் தருவது நர்ஸான இவள் வேலை. ஆரம்பத்தில் அவர் கேட்டால்தான் கொடுப்பாள். பழகப் பழக, இயந்திரக் கை வெளியே வந்து நின்றாலே போதும் என்றாகிவிட்டது.

இன்று படுத்திருந்தது அவளுடைய அண்ணன். உணவுக்குழாயில் புற்று. தண்ணீர்கூட இறங்காமல் எலும்பும் தோலுமாகிப் போனவரை, "நெஞ்சைப் பிளக்க மாட்டாங்கண்ணா, நாலஞ்சு ஓட்டைதான். நான் பக்கத்துலயே நிப்பேன்" என்று கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தவளே இவள்தான்.

புற்றை வெட்டி எடுத்தாயிற்று. இரைப்பையை மேலே இழுத்துக் குழாயோடு சேர்த்துத் தைக்கும் நேரம். சுட்ட சதையின் நெடி முகமூடிக்குள் தங்கியிருந்த அந்தக் குளிரில், இயந்திரத்தின் முனகலையும் அண்ணனின் இதயத் துடிப்பைச் சொல்லும் கருவியின் ஒலியையும் தவிர வேறு சத்தமே இல்லை. கை வெளியே வந்தது. கொடுத்தாள். தையல் முத்து முத்தாக விழுந்தது. மறுபடி வந்தது. கொடுத்தாள்.

"என்ன டாக்டர், இன்னைக்கு மௌன விரதமா?"

கேட்டுக்கொண்டே அடுத்த ஊசியை நீட்டினாள்.

"தைக்கிறது நான் இல்லம்மா."

திரும்பினாள். அவர் முகம் பெட்டிக்குள்தான் இருந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

"கையை எடுத்து ரொம்ப நேரமாச்சு. நீ எதுக்கும்மா ஊசி குடுத்துக்கிட்டே இருந்தே?"

 பாவி, யார் கேட்கிறார்கள் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாளா!

மயக்க மருத்துவர் பாய்ந்து, ரோபோவை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். கைகள் நிற்கவில்லை. ஒன்று மட்டும் தையலை விட்டுவிட்டு, அருகில் துடித்த பெரிய ரத்தக் குழாயை மெல்லக் கவ்வியது. துடிப்பொலி தடுமாறியது. அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். பிடி தளர்ந்தது.

யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"தொடாதீங்க. இழுத்தா ரத்தக் குழாய் கிழிஞ்சிடும்," என்றார் பெட்டிக்குள்ளிருந்து மருத்துவர்.

புலிவாலைப் பிடித்த கதைதான். இயந்திரக் கை மறுபடி வெளியே வந்து நின்றது. அவள் கொடுக்கவில்லை. உள்ளே பிடி இறுகியது. ஒலி நின்று நின்று வந்தது.

"குடுத்துடும்மா," என்றார் மருத்துவர். அழுதார்.

கொடுத்தாள்.

இணைப்பு முடிந்தது. ஊசி நிற்கவில்லை. உணவுக்குழாயைத் தைத்து மூடிக்கொண்டே மேலே ஏறியது. இனி அண்ணனுக்கு ஒரு சொட்டும் இறங்காது. அதற்கு மேல் கேமரா எட்டவில்லை. திரை இருண்டது.

"எங்க போகுது?"

மயக்க மருத்துவர் இருண்ட திரைக்கு அருகே குனிந்தார்.

அண்ணனின் கழுத்துத் தோல் உள்ளிருந்து புடைத்தது. ஊசிமுனை எட்டிப் பார்த்தது. ரத்தமே இல்லை. உள்ளே போனது. சற்று மேலே, தாடையடியில், மறுபடி வந்தது.

இமைகளை மூடி ஒட்டியிருந்த நாடா மெல்லப் பிய்ந்தது. மயக்கத்தில் திறக்கவே கூடாத கண்கள். திறந்திருந்தன. தங்கையையே பார்த்தன.