விலகல் முப்பத்தொன்று

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகைக் கூடத்துச் சுவரில் பட்டியல் ஒளிர்ந்தது. பல்லிசைக் குழுவின் எழுபத்திரண்டு பெயர்களில் எழுபத்தொன்று பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு.

இதாயத்துல்லா, பாசூன். விலகல் 31.

ஹெப்சிபா அதை இரண்டு தடவை படித்தாள். கையிலிருந்த காபி டம்ளரை அவள் வைத்த வேகத்தில் பாதி காபி மேசையில் கொட்டியது. "என்ன கூத்து இது?" என்று கூடமே அதிரக் கேட்டாள். ஒருத்தர் திரும்பவில்லை. சிவப்பு விழுந்தவர் பக்கம் முகத்தைத் திருப்பினாலே நமக்கும் அரைப் புள்ளி ஏறும் என்று ஒரு பேச்சு உண்டு. பாழாய்ப்போன பேச்சு. அதை நம்பி எல்லோரும் அவரவர் கருவியைத் துடைப்பதுபோல் பாவலா செய்துகொண்டிருந்தார்கள்.

ஒத்திசைவி வந்து ஒன்பது வருஷமாகிறது. மணிக்கட்டில் ஒரு பட்டை, சுவரில் ஒரு பலகை, அவ்வளவுதான் கருவி. நாலு பேர் சேர்ந்து வேலை செய்கிற எந்த இடத்திலும், வகுத்த அளவிலிருந்து யார் எவ்வளவு விலகுகிறார்கள் என்று அது நாள் முழுக்க அளக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் விலகியவர் விடுவிக்கப்படுவார். அப்புறம் மூன்று வருஷத்துக்கு வேறெந்தக் குழுவிலும் அவருக்கு இடமில்லை. முதலில் ஊரே இதைக் கொண்டாடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பஸ் நேரத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரி வரிசை மளமளவென்று நகர்ந்தது. அப்புறம்தான் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். கர்ப்பிணி ஒருத்தி ஓடி வருகிறாளே என்று வண்டியை அரை நிமிஷம் நிறுத்திய டிரைவர் போனார். ஹெப்சிபாவின் மகளுக்குக் கணக்கு ஏறவில்லை என்று இடைவேளையில் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சர் போனாள். கச்சேரி கேட்க வருகிறவர்களுக்கும் பட்டை உண்டு. மற்றவர்கள் சும்மா இருக்கும்போது தனியாக அழுத ஒரு பெண்மணிக்கு அதற்குப் பிறகு அரங்கில் இருக்கையே கிடைக்கவில்லை.

அப்போதெல்லாம் ஹெப்சிபா உச்சுக் கொட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இன்றைக்குத்தான் சுருக்கென்றது.

இதாயத்துல்லா பாய் பத்தொன்பது வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பவர். இதுவரை அவரைவிட அதிகம் விலகியவர்கள் இருந்ததால் தப்பித்துவந்தார். மரக்குழல் பிரிவு உட்காருவதே ஒரு சதுரமாகத்தான். முன்னால் புல்லாங்குழலும் ஓபோவும். பின்னால் கிளாரினெட்டும் பாசூனும். நாகஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் ஓபோ ஹெப்சிபாவுடையது. பாசூன் ஆளுயரத்துக்கு நிற்கும் அடிக்குரல் குழல். அதை அணைத்தபடி பாய் வழக்கம்போல் சீவாளியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா பாய்?"

"பார்த்தேம்மா. விடு. இருக்கறவங்களாவது நல்லா இருக்கட்டும்."

அந்தப் பதிலில் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இணக்க அலுவலர் பரணிதரனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவன் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமலே போனாள்.

"தம்பி, பாய் விலகுறார்னு எந்த மடக் கருவி சொல்லுது?"

"எண்ணுதானே மேடம் சொல்லுது. அவர் சுருதி அளவுகோல்ல நிக்கறதே இல்ல. ஒரு தடவை கீழ, ஒரு தடவை மேல. மூச்சும் குறிச்ச இடத்துல எடுக்கறதில்ல. உங்களைப் பாருங்க, 0.4! மரக்குழல்காரங்கள்ல நாட்டுலயே குறைஞ்ச விலகல். போன வருஷம் இதைக் கண்டுபுடிச்ச சேஷகிரி ஐயா கையால பதக்கம் வாங்கினீங்களே."

வாங்கினாள்தான். வீட்டுக் கூடத்தில் மாட்டியும் வைத்திருக்கிறாள். அதை நினைத்ததும் காது சூடானது.

"அந்த 0.4 யாரால வந்துச்சு தெரியுமா? ஓபோ பிடிவாதம் பிடிச்ச கருவி, தம்பி. சுருதியை லேசுல மாத்த முடியாது. அதனாலதான் கச்சேரி தொடங்கறதுக்கு முன்னாடி நான் ஒரு சுரம் ஊதறேன், மொத்தக் குழுவும் என்னைப் பார்த்துச் சுருதி சேர்க்குது. நான் நேரா நிக்கறேன்னா மத்தவங்க எனக்காக வளையறாங்கன்னு அர்த்தம். புல்லாங்குழலைப் பலமா ஊதினா சுருதி மேல ஏறும். கிளாரினெட்டைப் பலமா ஊதினா கீழ இறங்கும். ரெண்டும் ரெண்டு பக்கமா இழுக்கும்போது நடுவுல ஒருத்தர் உதட்டைத் தளர்த்தி, இறுக்கி, மயிரிழை நகர்ந்து மூணையும் சேர்த்துக் கட்டணும். மூணு சுரம் ஒண்ணா ஒலிச்சா நடுவுல இருக்கற காந்தாரத்தை உங்க அளவுகோலை விடக் கொஞ்சம் இறக்கினாத்தான் இனிக்கும். பாய் இறக்கறார். நான் மூச்செடுக்கற எடத்துல அவர் மூச்சைப் பிடிச்சுக்கறார், ஓட்டை விழக் கூடாதுன்னு. அதுக்குப் பேர் விலகலா? அறிவு வேணாம்?"

பரணிதரன் பொறுமையாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அவன் கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. "இது தற்காலிகப் பட்டியல்தான் மேடம். ஞாயித்துக்கிழமை கச்சேரில எடுக்கற அளவுதான் இறுதி. அன்னிக்கு அவரை நேரா வாசிக்கச் சொல்லுங்க."

"எல்லாரும் நேரா வாசிச்சு எல்லாருக்கும் சுழியம் வந்தா?"

"வந்ததில்ல. வந்தா விதிப்படி வட்டம் விரியும். வாசிக்கறவங்கள்ல விலகினவர் யாரும் இல்லேன்னா, அடுத்த வட்டம் அரங்கத்துல இருக்கற அத்தனை பேரும். ஒருத்தராவது போயாகணும் மேடம், அதான் சட்டம்."

அன்று மாலை மரக்குழல்காரர்கள் நால்வரும் தனியாக ஒத்திகை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படைப்பின் நடுவில் மற்ற அறுபத்தெட்டுப் பேரும் ஓய்ந்துபோக, மரக்குழல்கள் மட்டும் நாற்பது விநாடி தனியே நிற்கும். மெல்லத் தொடங்கி உரக்க முடிகிற ஒரே ஒரு நீண்ட கூட்டொலி. காந்தாரம் பாயிடம்.

பாய் முதல் தடவையாகக் காதை விட்டுவிட்டுப் பட்டையில் ஆடும் முள்ளைப் பார்த்து ஊதினார். அவர் எண் சுழியம். ஆனால் கூட்டொலி கலங்கியது. சுருதி சேராத இரண்டு குழல்கள் உரசும்போது வருமே ஒரு "வவ்வவ்" அதிர்வு, அது கூடம் முழுக்க அடித்தது. பொறுக்காமல் கிளாரினெட் வேதவல்லி கொஞ்சம் வளைந்துகொடுத்தாள். வேதவல்லி 28, சிவப்பு. அவள் பயந்து நேராக்கியதும் புல்லாங்குழல் அருள்தாஸ் தன்னையறியாமல் இறங்கினான். அவன் 26.

"ஐயையோ, என்னைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று அருள்தாஸ் குழலை மடியில் போட்டான். வீட்டில் இரட்டைக் குழந்தைகள், நாலு மாதம்.

"அதான் நான் அப்பவே சொன்னேன்," என்றார் பாய். "யாராவது ஒருத்தர் மத்தவங்களைக் காது குடுத்துக் கேட்டுத்தான் ஆகணும். கேக்கறவன் தலையில சிவப்பு விழும். அது நானாவே இருந்துட்டுப் போறேன்."

"வாயை மூடுங்க பாய்!" ஹெப்சிபா கத்தினாள். வேதவல்லி திடுக்கிட்டாள். "நீங்க இப்படிப் பெருந்தன்மையா இருந்து இருந்துதான் நான் பதக்கம் வாங்கியிருக்கேன். வெக்கமா இருக்கு எனக்கு. யாரும் போகக் கூடாது. ஒருத்தரும் அடுத்தவங்க ஊதறதைக் கேக்காம வாசிப்போம். நாலு பேரும் முள்ளை மட்டும் பாப்போம். குறிச்ச இடத்துல நாலு பேரும் ஒண்ணா மூச்செடுப்போம், ஓட்டை விழுந்தா விழட்டும்."

"கேக்க சகிக்காதே அக்கா," என்றாள் வேதவல்லி.

"சகிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். ஆயிரத்து நூறு பேர் அரங்கத்துல உக்காந்திருப்பாங்க. அத்தனை பேரும் ஒண்ணா மூஞ்சியைச் சுளிக்கட்டும். அத்தனை பேரும் ஒண்ணா சுளிச்சா அங்கயும் விலகினவர் யாரும் இல்ல. அந்தக் கருவி யாரைத்தான் புடிக்கும்? முன்வரிசைல அதைக் கண்டுபுடிச்ச மகராசனும் உக்காந்திருப்பார். அவரும் கேக்கட்டும், என்ன செஞ்சு வச்சிருக்கார்னு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் யாரும் வளைந்துவிடக் கூடாதே என்று அவள் மருந்துக்கடையில் ஒரு பஞ்சுச் சுருள் வாங்கிவந்து, ஆளுக்கு இரண்டு உருண்டை பிய்த்துக் கொடுத்தாள். பாய் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசை நடுவில் முனைவர் சேஷகிரி. ஒரு காலத்தில் இதே குழுவில் கடைசி வரிசை வயலின்காரர் அவர். பக்கத்தில் இருப்பவர் நூலளவு தப்பினாலும் பல்லில் வலி வந்ததுபோல் துடித்துப்போவாராம். ஊரில் எல்லோரும் ஒரே அளவில் நின்றுவிட்டால் இந்த வேதனை தீருமே என்றுதான் ஒத்திசைவியைச் செய்தார். முதன்முதலாகச் செய்த பட்டை இன்றும் அவர் மணிக்கட்டில்தான் இருந்தது. அதைக் காட்டுவதற்கென்றே முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார்.

ஹெப்சிபா எழுந்து தன் ஒற்றைச் சுரத்தை ஊதினாள். எழுபத்தோரு பேரும் அதோடு சேர்ந்தார்கள். சேர்ந்த அந்தக் கணத்தில், பத்தொன்பது வருஷமாக இருப்பதுபோலவே, பாயின் பாசூன் அவள் ஒலிக்கு அடியில் வந்து ஏந்திக்கொண்டது. சனியனே, இப்போது அழக்கூடாது என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருபது நிமிஷம் கழித்து அந்த இடம் வந்தது. வயலின்கள் ஓய்ந்தன. நாலு பேரும் பஞ்சைக் காதில் வைத்து, முள்ளைப் பார்த்தபடி ஊதினார்கள்.

பஞ்சையும் மீறி அது எலும்பு வழியாகக் கேட்டது. கிளாரினெட் தனியாகத் துருத்தியது. புல்லாங்குழல் எங்கோ மேலே ஒட்டாமல் நின்றது. காந்தாரம் விறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உரச, "வவ்வவ்" என்ற அதிர்வு ஒலி ஏற ஏறக் கூடியது. நடுவில் நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்செடுத்தபோது இசை அறுந்து விழுந்து, திரும்ப முளைத்தது. நாலு அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் வாசித்தால் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது. நல்லா அனுபவிங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஹெப்சிபா ஊதினாள்.

படைப்பு முடிந்தது. அவள் பஞ்சை எடுத்துவிட்டு அரங்கத்தைப் பார்த்தாள். எல்லோரும் சுளித்த முகத்தோடு இருப்பார்கள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

யாரும் மேடையைப் பார்க்கவே இல்லை. ஆயிரத்து நூறு பேரும் மேடைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் நெடுநாளாக முள்ளைப் பார்த்தே வாசிக்கிறவர்கள். இன்றைக்கு மரக்குழல்களும் சேர்ந்துவிட்டன. பலகையில் எழுபத்திரண்டு பெயர்கள், எழுபத்திரண்டு சுழியம். *முழு இணக்கம்* என்று பச்சையில் எழுத்து வந்தது. அரங்கம் மொத்தமாக எழுந்து நின்று கைதட்டியது. ஒரே தாளத்தில், ஒரே பலத்தில். சில பேர் விசிலடித்தார்கள்.

ஹெப்சிபா நாற்காலியை விட்டு எழுந்தாள். "கேக்கலையா உங்களுக்கு? செவிடுங்களா!" என்று அவள் கத்தியது கைதட்டலில் மூழ்கிப்போனது.

பலகை மாறியது. *விலகியவர் இல்லை. வட்டம் விரிகிறது: அரங்கம்.* மூன்று விநாடி. பிறகு ஒரே ஒரு சிவப்பு. முன்வரிசை, நடு இருக்கை.

சேஷகிரி மட்டும் எழுந்து நிற்கவில்லை. முகம் கோணி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதன்முதலாகச் செய்த பட்டை அவர் மணிக்கட்டில் சிவப்பாக மினுக்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பார்க்காமல் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு கைதட்டினார்கள். பரணிதரன் ஓடிவந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் விதி விதிதானே. "ஐயா, தயவுசெஞ்சு பக்கத்து வழியா," என்று குனிந்து சொன்னான்.

சேஷகிரி அவன் கையைத் தட்டிவிட்டு மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். கைதட்டல் அடங்கத் தொடங்கியது. அவர் அங்கிருந்தே ஹெப்சிபாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, அது அவ்வளவு தப்பா இருந்துச்சே. காந்தாரம் நாராசமா இருந்துச்சு. இவ்வளவு பேர் இருக்காங்களே, ஒருத்தருக்குக்கூடவா கேக்கல?"

"கேட்டவங்களையெல்லாம்தான் நீங்க வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே சார்," என்றாள் ஹெப்சிபா. "நீங்க ஒருத்தர்தான் பாக்கி இருந்தீங்க."

பரணிதரனும் இன்னொருவனும் அவரை இரண்டு பக்கமும் பிடித்து நடைபாதை வழியே கூட்டிக்கொண்டு போனார்கள். இரக்கம் வரும் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். அந்த டீச்சரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது பின்வரிசையில் ஒருவன், "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினான். உடனே ஆயிரம் பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று அரங்கமே ஒரே குரலாக அதிர்ந்தது. இசை நடத்துநர் குழம்பிப்போய்ப் பலகையைப் பார்த்தார், பிறகு மரக்குழல்கள் பக்கம் திரும்பிக் கோலை உயர்த்தினார். பட்டைகள் மறுபடி அளக்கத் தொடங்கின.

ஹெப்சிபா மறுபடி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். பாய் காதில் பஞ்சு இல்லை. நடைபாதையில் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாசூனின் சீவாளியில் அவர் உதடு மெல்லத் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சி எதற்கென்று அவளைத் தவிர இந்த அரங்கத்தில் யாருக்குத் தெரியும்? காந்தாரத்தை இறக்கப் போகிறார். அந்த ஆளுக்காக, இவ்வளவும் செய்த அந்த ஆளுக்காக, ஒரே ஒரு தடவை சரியாக வாசித்துக் காட்டப் போகிறார். வாசித்தால் அடுத்த சிவப்பு அவர்தான்.

"பாய்," என்றாள் ஹெப்சிபா. பல்லைக் கடித்துக்கொண்டு, பரணிதரனே தோற்றுப்போகிற குரலில் சொன்னாள். "காதுல பஞ்சை வைங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு உருண்டையையும் எடுத்து வைத்துக்கொண்டார். கோல் இறங்கியது. நாலு பேரும் முள்ளைப் பார்த்தார்கள். எல்லா எண்களும் சுழியத்தில் நின்றன. வாசல் கதவருகில் சேஷகிரி மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டார்.