ஒரு ஸ்கூட்டர் அளவு இடைவெளி

கேபிள் எட்டவில்லை. எட்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் அதே சுவர்ப் பெட்டியிலிருந்து இழுத்து, மின்சாரக் காரின் இடது முன்சக்கரத்துக்கு மேலே உள்ள துளையில் செருகிவந்த சார்ஜர் கேபிள், அன்று இரண்டு முழம் முன்னாலேயே விறைத்து நின்றுவிட்டது. பிளக்கைக் கையில் பிடித்தபடி அவள் ஷெட்டுக்குள் நின்றாள். பொத்தானை அமுக்கினால் வண்டி தானாகவே உள்ளே வந்து, எதிர்ச்சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது நிற்கும். இன்று பாதியிலேயே நின்றிருந்தது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டரைத் தாராளமாக நிறுத்தலாம்.

தூரத்தை அளப்பதில் அவள் கண் தப்பாது. கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையைச் சோதிப்பவள். பலகைக்கும் நாற்காலிக்கும் ஆறு மீட்டர் என்பது பன்னிரண்டு வருடமாகக் கண்ணில் ஊறிப்போயிருந்தது. அளவுகோலை முழுங்கியவள் என்று கணவன் கேலி செய்வான். அவன் கார் சர்வீஸ் சென்டரில் கேமராவும் சென்சாரும் பொருத்தும் மெக்கானிக். கேட்டபோது, கண்ணாடியில் தூசி இருக்கும், துடைத்துவிடு என்று செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். போன வாரம்தான் கல் பட்டு விரிசல் விட்ட முன்கண்ணாடியை அவனே மாற்றிக் கொண்டுவந்திருந்தான். புதுக் கண்ணாடியில் ஏது தூசி என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வண்டிக் கதவைத் திறந்ததும் வாசனை அடித்தது. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் மூக்கில் ஏறுமே, அந்த வாசனை. அவர்கள் வீட்டில் ஆரஞ்சு வாங்குவதே இல்லை. மகள் சிட்டுவுக்கு அது ஆகாது, சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். பின்சீட்டில், அவளுக்காகப் போட்டிருந்த உயர்சீட்டில் ஏறி உட்கார்ந்த சிட்டு, அம்மா, யாரோ பழம் சாப்பிட்டிருக்காங்க என்றாள். கேட்டவளுக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை, டெஸ்ட் டிரைவ் என்று சொல்லி இரண்டு மணி நேரம் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் அவன். அந்தக் காலையிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாக மாறினாள். முன்சீட் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். கால்மிதியடியை உதறிப் பார்த்தாள். ஒரு முடி கிடைக்கவில்லை, ஒரு ஹேர்பின் கிடைக்கவில்லை. வாசனை மட்டும் போகவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தூறல். பள்ளி விட்டதும் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு அவள் வரும் சாலையில் ஏழு சிக்னல்கள். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அது நின்றால் தானும் நிற்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். வழக்கமாக மூன்று மீட்டர் விட்டு நிற்கும். ஒரு நாள், முதல் சிக்னலில், முன்னால் நின்ற லாரியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பின்னால் இருந்த வேன் டிரைவர் ஹார்னை அமுக்கி அமுக்கிச் சலித்துப்போய், தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, முன்னாடி யாருக்கு எடம் புடிச்சு வச்சிருக்க?"

அவள் சிரித்து மழுப்பினாள். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அதற்குள் அவள் இன்னொன்றைக் கவனித்திருந்தாள். எறும்பு நுழையும் சந்து கிடைத்தாலும் புகுந்துவிடுகிற பைக்காரர்கள் அந்த ஐந்து மீட்டருக்குள் ஒருவர்கூட நுழையவில்லை. இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு முன்னேறினார்கள். அந்த இடம் வந்ததும் ஹேண்டிலை ஒடித்துச் சுற்றிப் போனார்கள். ஒருவன் போகிற போக்கில் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, வழிவிடச் சொல்வதுபோல் லேசாக ஹார்ன் அடித்துவிட்டுப் போனான்.

அவளுடைய வண்டியின் ஸ்கிரீனில் சுற்றியிருக்கும் வண்டிகளெல்லாம் சாம்பல் நிறப் பொம்மைகளாகத் தெரியும். முன்னால் லாரிப் பொம்மை. பக்கத்தில் பைக் பொம்மைகள். ஐந்தாவது சிக்னலில், லாரிக்கும் அவளுக்கும் நடுவே இன்னொரு பொம்மை வந்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்த உருவம். முதுகு இவள் பக்கம். அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தாள். ஈரத் தார்ச்சாலை. லாரியின் பின்விளக்குகள் அதில் சிவப்பாகக் கலங்கிக் கிடந்தன. வேறொன்றும் இல்லை. மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தாள். பொம்மை அங்கேயே இருந்தது.

பட்டனைத் தட்டி எல்லா உதவியையும் அணைத்துவிட்டு, தன் காலாலேயே ஓட்டினாள். ஆறாவது சிக்னல். பிரேக்கை அவளேதான் மிதித்தாள். நின்றதும் பார்த்தாள். ஐந்து மீட்டர்.

ஏழாவதில் ஸ்கிரீனைப் பார்க்கக் கூடாது என்று இருந்தவள் பார்த்துவிட்டாள். பொம்மை ஸ்கூட்டரை விட்டு இறங்கியிருந்தது. இப்போது முதுகு தெரியவில்லை. இவள் பக்கம் திரும்பி நின்றது.

சாயங்காலம் சிட்டு முன்னறையில் உரக்க ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவள் தட்டை வைத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"வண்டில யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"யாரையும் இல்லையே. ஏன்?"

"அப்ப ஆரஞ்சு வாசனை எங்கேருந்து வருது?"

அவன் கை வாய்க்குப் போகிற பாதியில் நின்றுவிட்டது. பொய் சொல்லப்போகிறவனின் முகத்தை அவள் எதிர்பார்த்திருந்தாள். அது பயந்தவனின் முகமாக இருந்தது.

கொஞ்ச நேரம் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தான். முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவை, எதிரே கட்டம் போட்ட பலகை வைத்து அளந்து அமர்த்த வேண்டும். பிறகு சாலையில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். அரை நாள் வேலை. சொந்த வண்டிதானே என்று அவன் அதைச் செய்யவில்லை. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று, பட்டறை மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இதே மாடல் வண்டியிலிருந்து செட்டிங் ஃபைலை எடுத்து இதில் ஏற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போனதும் அதற்குத்தான். அந்த வண்டி ஏன் மூலையில் கிடக்கிறது என்று அவள் கேட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சிக்னலில் நின்ற ஸ்கூட்டரைப் பின்னாலிருந்து இடித்து, முன்னால் நின்ற லாரியோடு நசுக்கிவிட்டது அந்த வண்டி. ஸ்கூட்டரில் இருந்த பெண் அந்த இடத்திலேயே போய்விட்டாள். கால் வைக்கும் இடத்தில் ஒரு பை நிறைய ஆரஞ்சு வைத்திருந்தாளாம். பட்டறைக்கு இழுத்து வந்தபோது பம்பரின் கம்பிகளுக்குள் பழச் சக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. அவன்தான் அதைச் சுரண்டி எடுத்தான்.

"அந்த வண்டிக்குக் கேமரா அமர்த்தினது யாரு?" என்று அவள் கேட்டாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

அவன்தான். அதிலும் பலகை வைக்கவில்லை. சாலையில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்ததாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். கேமராவின் செட்டிங் ஒரு நூல் பிசகியிருந்தது, எதிரில் இருப்பதைத் தள்ளி இருப்பதாகக் கணக்குப் போட்டது. வழக்கோ வண்டி ஓட்டியவர் மேல் நடக்கிறது. ரிடையர் ஆன தபால்காரர். பிரேக் பிடிக்கும் என்று நம்பினேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாராம். யாரும் நம்பவில்லை.

அவளுக்கு அவன் மேல் அருவருப்பாக வந்தது. இன்னொரு பெண் இருக்கிறாள் என்று சந்தேகப்பட்ட நாட்களே தேவலாம் என்றிருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றான் அவன், குரல் இறங்கி. "அந்த ஃபைல் இருந்தா வண்டி லேட்டாதான் நிக்கணும். முன்னாடியே நிக்காது. நிக்கவே முடியாது."

"அப்ப யாரைப் பாத்து நிக்குது?"

முன்னறையில் வாய்ப்பாடு மட்டும் கேட்டது.

நாளைக் காலையில் மேனேஜரிடமும் போலீஸிடமும் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லும்வரை சிட்டு அந்த வண்டியில் ஏற மாட்டாள். அவன் முதலில் கெஞ்சினான். வேலை போகும், ஜெயிலுக்குப் போக வேண்டிவரும் என்றான். பிறகு கோபம் வந்தது. படித்தவள் பேசுகிற பேச்சா இது, சென்சார் கோளாறுக்குப் பேய்ப் பட்டம் கட்டுகிறாயே என்று சப்பைக்கட்டு கட்டினான். காட்டுகிறேன் வா என்று சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

ஷெட்டில் விளக்கைப் போட்டாள். வண்டி அதே இடத்தில்தான் நின்றது. முன்னால் அதே வெற்றிடம். சிமெண்டுத் தரை, வெள்ளைச் சுவர், சுவரில் தொங்கும் கேபிள். அவன் ஏறி உட்கார்ந்து ஸ்கிரீனில் உதவிகளை ஒவ்வொன்றாக அணைத்தான். அவள் சுவர்ப் பெட்டி அருகே, பக்கவாட்டில் ஒதுங்கி நின்றாள்.

"நீ ஏன் எதிர்ல நிக்கிற? தள்ளு," என்றான் உள்ளேயிருந்து.

"நான் எதிர்ல இல்ல."

அவன் ஸ்கிரீனைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மறுபடி ஸ்கிரீனை.

"வேணாம்ங்க. இறங்கிடுங்க. காலையில போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

அவன் தாடை இறுகியது. ஆக்ஸிலரேட்டரை அமுக்கினான். மோட்டார் முனகியது. வண்டி நகரவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்ததுபோல் நின்று அதிர்ந்தது. ஆரஞ்சு வாசனை குப்பென்று எழுந்தது. இன்னும் அமுக்கினான். முனகல் ஏறியது. ஏதோ இளகியது. ஏதோ மெதுவாக நசுங்கியது. சின்னச் சத்தம். பழுத்த ஒன்றை மிதித்தால் வரும் சத்தம்.

வண்டி முன்னே போனது. சுவருக்கு ஒரு சாணில் நின்றது.

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். குனிந்து பம்பரைப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. தரையும் சுத்தம். ஸ்கிரீனில் முன்னால் பொம்மை இல்லை.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல. போயிடுச்சு."

அவள் கேபிளை இழுத்தாள். எட்டியது. செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் பழையபடி இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து சிட்டுவின் குரல் தெளிவாகக் கேட்டது. ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழொன்பது அறுபத்து மூணு.

வண்டிக்குள் டக் என்று ஒரு சத்தம்.

முன்னால் இல்லை. பின்னால்.

அவள் பின்கதவுக் கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். சிட்டுவின் உயர்சீட். மெத்தை நடுவில் குழிந்திருந்தது. சீட் பெல்ட் குறுக்கே இழுக்கப்பட்டு, பூட்டில் மாட்டியிருந்தது. யாரும் இல்லாத அந்தச் சீட்டின் மேல், மூச்சு விடுகிற ஒருவர் மீது கிடப்பதுபோல, பெல்ட் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.