கயிற்றில் மூன்றாவது ஆள்

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டொலர். யோகேந்திரனுக்கு, கூரை வேலை எடுத்துச் செய்கிற றெனோல்ட் தர வேண்டிய கூலி அது. கோடை முழுக்கத் தார் ஊற்றியதற்கும், அதற்கு முந்திய பனிக்காலத்தில் கூரை கூரையாக ஏறிப் பனி வழித்ததற்கும் சேர்த்து. கொழும்பிலிருந்து மொன்றியலுக்கு இரண்டு விமானச் சீட்டின் விலையும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த இரண்டு சீட்டுக்காகத்தான் யோகேந்திரன் அன்று காலை பஸ் ஏறி ரொக்ஸ்பரோவில் இறங்கி, முழங்கால் புதைகிற பனியில் நடந்துபோய் றெனோல்டின் வீட்டு மணியை அடித்தார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாசி மாதம். பனி விழுந்து விழுந்து ஊரே கூனிப்போன வருஷம். அவருடைய மனைவி பவளராணியும் மகளும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்குள் கிடந்தார்கள். விசா கிடைத்துவிட்டது. மாதம் முடிய முன்னம் விமானம் ஏறாவிட்டால் அது செல்லாது. அங்கே பொலிஸ்காரர் கதவைத் தட்டி, கொழும்பில் உனக்கென்ன வேலை என்று கேட்கிறார்களாம். சீட்டு விற்கிற தியாகலிங்கம், "இருபத்தெட்டாம் திகதி மட்டும் பிடிச்சு வைச்சிருப்பன். பேந்து என்னைக் குறை சொல்லாதையும்" என்று சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்தவள் றெனோல்டின் மனைவி ஷெரோன்.

"சப்பாத்தோட உள்ள வராதேங்கோ அண்ணை. இப்பதான் துடைச்சனான்."

மிதியடியில் நின்றபடியே யோகேந்திரன் சுவரைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பெரிய படம். மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு றெனோல்ட் ஒரு வெள்ளை உச்சியில் நிற்கிறான். சப்பாத்துக்கு அடியில் ஓநாய்ப் பல் மாதிரி இரும்புப் பற்கள். இடுப்பில் நீலக் கயிறு.

"வடிவாப் பாருங்கோ யோகண்ணை. உங்கட காசுதான் உதில நிக்குது." றெனோல்ட் சிரித்துக்கொண்டே படி இறங்கி வந்தான். "நேபாளம். ஆறாயிரம் மீற்றருக்கு மேல. எங்கட ஆக்களில எவன் ஏறியிருக்கிறான், சொல்லுங்கோ பாப்பம்."

படத்தில் அந்த நீலக் கயிறு அவன் இடுப்பிலிருந்து விறைப்பாகப் பின்னுக்குப் போய், சட்டத்தின் ஓரத்தில் முடிந்தது. அந்த ஓரத்தில் பாதிக் கையுறை ஒன்று மட்டும் தெரிந்தது. மிச்ச ஆளை யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

"பின்னால ஆர்?"

"வழிகாட்டி. மிங்மா எண்டு பேர். எப்பவும் மண்ணெண்ணெய் அடுப்பு மணக்கிற ஆள். இறங்கேக்க செத்திட்டான். தானே கயித்தைக் கழட்டிப்போட்டு வழி பாக்கப் போனவன், பனி வெடிப்புக்குள்ள விழுந்திட்டான்." றெனோல்ட் ஜக்கெட்டை மாட்டினான். "உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனால் முந்நூறு டொலர் மேலால குடுக்கிறது வழக்கம். அதுவும் மிச்சம். உங்களை மாதிரி விடியக்காலையில வந்து மணி அடிக்கமாட்டான்."

குசினிக்குள் ஒரு பாத்திரம் விழுந்தது. "அந்தக் கதை இந்த வீட்டில வேண்டாம் எண்டு சொன்னனான்" என்றாள் ஷெரோன்.

"காசு, தம்பி" என்றார் யோகேந்திரன்.

"இண்டைக்கு ஒரு கூரை இருக்கு. கோட்-டெ-நெய்ஜில, நாலு மாடி. பெடியங்கள் ஒருத்தரும் வரேல்லை. நீங்கள் வந்தால் வீட்டுக்காரன் தாற காசை அப்பிடியே உங்கட கையில வைக்கிறன்."

"நத்தாருக்கும் இதைத்தான் சொன்னனீ."

"அது நத்தார். இது மாசி. வாறீங்களோ, பஸ்சுக்குப் போறீங்களோ?"

வேறு என்ன செய்வது. றெனோல்டின் வான் வண்டியில் ஏறினார்.

காலடியில் அந்த நீலக் கயிறு சுருட்டிக் கிடந்தது. புதுக் கயிறு வாங்கக் காசு செலவழிக்கிற ஆள் இல்லை றெனோல்ட். மலையில் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கிய மிச்சத்தையே கூரை வேலைக்கும் கொண்டு திரிந்தான். யோகேந்திரன் அதை எடுத்து மடியில் வைத்தார். ஈரமாக இருந்தது. வானுக்குள் ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் கயிறு கிணற்றுக்குள்ளிருந்து அள்ளிய மாதிரிக் குளிர்ந்தது. ஒரு நுனி கொம்பனியில் உருக்கி ஒட்டிய நுனி, மழமழவென்று இருந்தது. மற்ற நுனி பிய்ந்து விரிந்து நின்றது. பிய்ந்த நூல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன.

"கழட்டினவன் எண்டாய். இது வெட்டின கயிறெல்லோ."

றெனோல்ட் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தான். "கூலிக்கு வந்தனீங்களோ, விசாரணைக்கு வந்தனீங்களோ?"

வானுக்குள் மண்ணெண்ணெய் மணந்தது. மண்ணெண்ணெயும், நனைந்த கம்பளியும்.

"மண்ணெண்ணெய் கொண்டு வாறியோ?"

"இந்த வானில மண்ணெண்ணெய் இல்லை." கேள்வி முடிய முன்னமே பதில் வந்துவிட்டது. ஆள் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்த மாதிரி.

கோட்-டெ-நெய்ஜில் அந்த நாலு மாடிக் கட்டடத்தின் பின்பக்க இரும்புப் படியால் ஏறி, ஏணியால் கூரைக்குப் போனார்கள். தட்டைக் கூரை. அதில் இடுப்பளவு பனி. நடுவில் ஒரு செங்கல் புகைபோக்கி. மத்தியானம் தாண்டியிருந்தது, ஆனால் வானமும் கூரையும் ஒரே நிறம். கூரை எங்கே முடிகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

றெனோல்ட் மழமழப்பான நுனியை யோகேந்திரனின் இடுப்புப் பட்டியில் முடிந்தான். வெட்டிய நுனியைத் தன் பட்டியில் முடிந்தான். "நீங்கள் புகைபோக்கிக்குப் பின்னால காலை உதைஞ்சுகொண்டு இருங்கோ. நான் விளிம்பில நிண்டு தள்ளுறன். ஒருக்கா இழுத்தால் நில்லுங்கோ. ரெண்டு தரம் இழுத்தால் வாங்கோ."

"இதை ஆர் சொல்லித் தந்தது?"

றெனோல்ட் பனி அள்ளுகிற சவளைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சவள் பனியில் இறங்குகிற சத்தம், பிறகு நாலு மாடிக்குக் கீழே பனி போய் விழுகிற தொம் என்ற சத்தம். யோகேந்திரன் கயிற்றைக் கையால் விட்டுக்கொண்டே மனதுக்குள் சீட்டைக் கணக்குப் பார்த்தார். பிறகு காற்று எழும்பியது. விழுந்த பனி திரும்பவும் மேலே கிளம்பியது. முதலில் றெனோல்ட் மறைந்தான். பிறகு கூரை மறைந்தது. பிறகு தன்னுடைய முழங்காலே அவருக்குத் தெரியவில்லை. இருட்டில் பயப்படுகிறவர்கள் அந்த வெள்ளைக்குள் ஒருதரம் இருந்து பார்க்கவேண்டும். இருட்டிலாவது ஒரு விளக்கு ஏற்றலாம்.

சவளின் சத்தம் நின்றது.

"றெனோல்ட்?"



கயிறு இரண்டு தரம் இழுபட்டது.

வா என்கிறான். யோகேந்திரன் எழும்பிப் புகைபோக்கியைச் சுற்றி, கயிற்றைக் கையால் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போனார். காலடியில் றெனோல்ட் போன தடம் கிடந்தது. றப்பர் சப்பாத்தின் தடம். அதற்குள் வேறொரு தடமும் கிடந்தது. ஒவ்வொரு அடியைச் சுற்றியும் ஆணி குத்தியது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

றெனோல்டின் சப்பாத்தில் இன்றைக்கு இரும்புப் பல் இல்லை.

தன்னுடையதிலும் இல்லை.

மண்ணெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது.

முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. குறுகிய ஆள். பனிக்குள் குந்தியிருந்து, காலை உதைத்துக்கொண்டு, கயிற்றைத் தன் பக்கமாகக் கைக்குக் கை மாற்றி இழுத்துக்கொண்டிருந்தான். அவசரமே இல்லை. வேலை தெரிந்த ஆள் இழுக்கிற இழுவை. அவனுடைய இடுப்பிலிருந்தும் ஒரு நீலத் துண்டு தொங்கியது. அதன் நுனி பிய்ந்திருந்தது.



அந்த முதுகுக்கு அங்காலே, வெள்ளைக்குள்ளிருந்து றெனோல்டின் குரல் வந்தது. "விடு. விடடா என்னை. மிங்மா, பிளீஸ்." சப்பாத்து கூரைத் தகரத்தில் வழுக்குகிற சத்தம் கேட்டது. அந்த இழுவையிலிருந்து தப்ப, பின்னால் இருப்பது என்னவென்று பார்க்கவும் பயந்து, மாடு கலப்பையை இழுக்கிற மாதிரி அவன் முன்னுக்குச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தான்.

முன்னுக்கு இருந்தது கூரையின் விளிம்பு.

"தம்பி, நில். முன்னுக்குப் போகாத. பின்னால நான் நிக்கிறன்." யோகேந்திரன் கத்தினார்.

"நீ செத்தவன்" என்று அழுதான் றெனோல்ட். "நீ செத்தவனடா."

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். மடக்குக் கத்தி திறக்கிற சத்தம்.

"வெட்டாத. றெனோல்ட், வெட்டாத."

மலையிலும் அவன் அதைத்தான் செய்தவன். கை பழகிய வேலை. ஒரே இழுப்பு.

பின்னால் பிடித்திருந்த கயிறு அறுந்தது. முன்னுக்குச் சாய்ந்திருந்தவன் அந்த வேகத்திலேயே போனான். கத்தவில்லை. கத்த நேரம் இருக்கவில்லை. கீழே பனி விழுகிற அதே தொம் என்ற சத்தம் கேட்டது.

முதுகைக் காணவில்லை.

அறுந்த கயிறு யோகேந்திரனின் இடுப்பிலிருந்து விளிம்பை நோக்கி நீண்டிருந்தது. அது கீழே விழவில்லை. ஒரு ஆள் இடுப்பளவு உயரத்தில், காற்றில், விறைப்பாக நின்றது. மற்ற நுனியில் யாரும் இல்லை.

பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து பனியில் படுத்தது. யாரோ பத்திரமாகக் கையால் இறக்கி வைத்த மாதிரி.

இடுப்பில் இருந்த முடிச்சு அவிழவே மாட்டேன் என்றது. பட்டியோடு சேர்த்துக் கழற்றி அங்கேயே எறிந்துவிட்டு, தவழ்ந்து தவழ்ந்து ஏணிக்கு வந்தார்.

பொலிஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. அவரும் விபத்து என்றுதான் சொன்னார். வேறு எதைச் சொல்வது, அதுவும் பிரெஞ்சில்.

ஆனால் கயிறு அவரை விடவில்லை. பட்டி பொலிசிடம் கிடந்தது. இடுப்பில் வேறொன்றும் இல்லை. அப்படியிருந்தும் தேத்தண்ணீர் ஊற்றும்போது, பஸ்சுக்கு நிற்கும்போது, சுண்டி இழுபடும். இரண்டு தரம். எப்போதும் ஒரே பக்கம்தான், ரொக்ஸ்பரோ பக்கம். செத்தவீட்டுப் பூசையில் மாதா கோயிலின் கடைசி வாங்கில் இருந்தார். அங்கே இழுவை முன் வரிசைப் பக்கம் திரும்பியது. முன் வரிசையில் கறுப்பு உடுப்போடு ஷெரோன் இருந்தாள். அப்போதுதான் யோகேந்திரனுக்கு விளங்கியது. ஒரே ஆளிடம் கூலி கிடைக்காத இரண்டு பேர் ஒரே கயிற்றில் நிற்கிறோம். கடன்பட்டவன் போய்விட்டான். வீடு இருக்கிறது.

இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் ஷெரோன் வந்தாள். கோட்-டெ-நெய்ஜில் யோகேந்திரன் இருந்தது நிலத்துக்குக் கீழே இருக்கிற ஒற்றை அறை. யன்னல் கூரையை ஒட்டி இருக்கும். அதனூடாகத் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். முதலில் அவளுடைய சப்பாத்தைத்தான் கண்டார்.

உள்ளே வந்தவள் கதிரையில் இருக்கவில்லை. கடித உறையை மேசையில் வைத்தாள்.

"வானை வித்த காசு. எண்ணிப் பாருங்கோ. பிறகு குறையுது எண்டு வீட்டுப் பக்கம் வரக்கூடாது."

எண்ணினார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. கடைசித் தாள் மேசையைத் தொட்டபோது இடுப்பில் ஒரு இளக்கம் தெரிந்தது. யாரோ முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை உருவி எடுக்கிற மாதிரி. இரண்டு கிழமைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு மட்டும் இறங்கியது.

ஷெரோன் மூக்கைச் சுளித்தாள். "இஞ்சையும் மண்ணெண்ணெய் மணக்குது. எங்கட வீட்டில ஒவ்வொரு நாளும் துடைக்கிறன், போகுதில்லை."

"தங்கச்சி." யோகேந்திரன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த மிங்மாவுக்கும் முந்நூறு குடுக்கக் கிடக்கு. அனுப்பிவிடும். விளையாட்டில்லை."

"செத்தவனுக்கு என்னத்துக்குக் காசு?"

"பெண்சாதி பிள்ளையள் இருக்கும்."

"எனக்கும்தான் பிள்ளை இருக்கு. அவன் அப்பா எங்க எண்டு கேக்கிறான்." அவளுடைய குரல் உடைந்து, உடனே திரும்பவும் இறுகியது. "கயித்தில ரெண்டு பேர் போனியள், ஒராள் வந்தியள். நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லை. நீங்களும் என்னைக் கேக்காதேங்கோ. அவ்வளவு இரக்கமெண்டால் உதில இருந்து எடுத்து அனுப்புங்கோ."

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள்.

யோகேந்திரன் யன்னலுக்குக் கீழே நின்றார். அவளுடைய சப்பாத்து இரண்டும் படியேறிப் புதுப் பனியில் நடந்தன. அவளுக்குப் பின்னால் பனி அமுங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. ஒவ்வொன்றையும் சுற்றி ஆணி குத்திய சின்ன ஓட்டைகள்.

சப்பாத்துகள் நின்றன. பின்னுக்கு ஒருதரம் சறுக்கின.

இன்னொருதரம் சறுக்கின.

அவள் திரும்பிப் பார்த்திருக்கவேண்டும். சப்பாத்துகள் யன்னல் பக்கம் திரும்பி, அசையாமல் நின்றன.

உறைக்குள்ளிருந்து முந்நூறை எடுத்துக்கொண்டு வெளியே ஓடலாம். நான் அனுப்புகிறேன், அவளை விடு என்று சொல்லலாம். ஆனால் முந்நூறு போனால் ஒரு சீட்டுத்தான் மிஞ்சும். பவளராணியா, பிள்ளையா?

யோகேந்திரன் எட்டி யன்னல் சீலையை இழுத்து மூடினார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"தியாகலிங்கம் அண்ணை, காசு முழுக்க வந்திட்டுது. ரெண்டு சீட்டையும் எழுதுங்கோ."

சீலைக்கு வெளியே யாரோ ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், கொஞ்சமும் அவசரப்படாமல், இரும்புப் பற்கள் பனியைக் கடித்துக்கொண்டு போகிற சத்தம்.