நாலாவது பெட்டி

"நான் வாங்கினதே மூணு கேமராதாங்க. அப்புறம் நாலாவது பெட்டியில எப்படிங்க படம் வரும்?"

மருந்துக்கடைக்காரர் இதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் திரும்பத் திரும்ப, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வேலையே அதுதான். மலிவு விலையில் வீட்டுக் கேமரா விற்கும் கம்பெனி அது. வாங்கியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போன் செய்வார்கள், அவள் வீட்டிலிருந்தே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதில் சொல்வாள். திரையில் நான்கு பெட்டிகள் இருக்கும். கேமரா இல்லாத பெட்டி கறுப்பாகக் கிடக்க வேண்டும்.

"பிளக்கைப் பிடுங்கி ஊதிக்கூடப் பார்த்துட்டேன் மேடம். அது மட்டும் கறுப்பாக மாட்டேங்குது."

"ஊதவெல்லாம் வேணாம் சார், அது என்ன அடுப்பா?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். இந்த வாடகை அறைக்கு வந்த பிறகு அவள் சிரித்ததே போனில் மட்டும்தான்.

மதியத்திலிருந்து விடாத மழை. ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது, சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை கிளம்பி மேஜைவரை வந்தது, மழையில் ஊதிப்போன கதவு சட்டத்துக்குள் அடங்காமல் காற்று வரும்போதெல்லாம் யாரோ முனகுவதுபோல ஒருமுறை திறந்து ஒருமுறை மூடியது. தாழ்ப்பாள் ஓட்டையில் உட்காரவில்லை. வீட்டு ஓனரிடம் சொல்லியாயிற்று. மழை விட்டதும் இழைத்துத் தருகிறேன் என்றார். மழைதான் விடவில்லை.

இந்தக் கேமராக்களைப் பற்றி அவள் அளவுக்குத் தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனியிலேயே கிடையாது. அவள் கணவன் வீட்டில் மாட்டியிருந்ததும் இதே கம்பெனிதான். திருடன் வந்தால் தெரியட்டும் என்று வாங்கினான். திருடன் வரவில்லை. அவள் எத்தனை தடவை ஜன்னல் பக்கம் போனாள், யாரோடு போன் பேசினாள், ஏன் சிரித்தாள் என்பதெல்லாம் தெரிந்தது. ஓடி வந்த பிறகு வேலை தேடியபோது, "அனுபவம் உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு என்றாள். பொய்யில்லை.

குடிவந்த அன்றே இந்த அறையின் ஒவ்வொரு ஆணி ஓட்டையிலும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் உடை மாற்றினாள்.

ஓரத்தில் டீம் லீடரின் செய்தி மின்னியது. எந்நேரமும் நேரத்தைச் சொல்லியே உயிரை எடுப்பதால் அவனுக்குக் கடிகாரம் என்று பெயர். 'எவ்ளோ நேரம்தான்பா ஒரே காலு? கஸ்டமர் தப்புன்னு போட்டு முடி.'

"சார், சில சமயம் கணக்கு மாறி வேற வீட்டுப் படம் வந்துடும். என்ன தெரியுதுன்னு சொல்லுங்க, அந்த வீட்டைக் கண்டுபிடிச்சு எடுத்துடறோம்."

"ஒரு ரூமுங்க. மேலேர்ந்து தெரியுது. ஒரு பொண்ணு முதுகைக் காட்டி உக்காந்திருக்கு. காதுல போன்ல பேசறவங்க மாதிரி ஏதோ மாட்டியிருக்கு. கொண்டையில பென்சில் சொருகியிருக்கு."

அவள் கை கொண்டைக்குப் போனது. பென்சில் இருந்தது.

"மேஜையில என்ன இருக்கு சார்?"

"பச்சைத் தண்ணி பாட்டில். மூடி இல்லை."

பாட்டிலைப் பார்த்தாள். பிறகு, கழுத்து வலிக்குமளவுக்கு மெதுவாகத் திரும்பி, பின்சுவரின் மேல்பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர். ஓர் ஆணி ஓட்டை. அதன்மேல் அவள் ஒட்டிய பிளாஸ்திரி, ஓரம்கூடப் பிரியாமல்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?"

"கையைத் தூக்கிக் காட்டுது. வலது கை. இறக்கிடுச்சு."

அவள் கை மேஜைமேல்தான் இருந்தது. அசையவே இல்லை.

மலிவுக் கேமராவில் படம் தாமதமாக வரும். நீ உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் திரையில் கதவைத் திறப்பாய். எல்லோரும் அதற்காகத்தான் திட்டுவார்கள். முந்தி வந்ததாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

பொய்யாக்கிவிட வேண்டும் என்று நினைத்தாள். இடது கையைத்தான் தூக்கப் போகிறேன், வலதை அசைக்கவே மாட்டேன். இடது கையை எடுத்த வேகத்தில் முழங்கை பாட்டிலில் இடித்தது. பாட்டில் சாய்ந்தது. தண்ணீர் லேப்டாப் பக்கம் பாய, ஹெட்போன் ஒயரைச் சட்டென்று உயரத் தூக்கிப் பிடித்தாள்.

வலது கையால்.

"ஏம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். 'மேடம்' என்பது போய்விட்டது. "அது நீதானா?"

"சார், லைனைக் கட் பண்ணிடாதீங்க. தெரியறதைச் சொல்லிக்கிட்டே இருங்க."

கடிகாரம் மறுபடி மின்னினான். அவள் ஈர விரலால் தட்டினாள்: 'என் ரூமைக் கஸ்டமர் பாக்குறார். பயமா இருக்கு. யாரையாவது அனுப்புங்க.'

பதில் உடனே வந்தது. 'ஏன் டென்ஷன்? உன் வீட்டுக்காரர்தான் வந்துட்டிருக்காரே. காலைல ஆபீஸுக்குப் போன் பண்ணார். சர்ப்ரைஸ் குடுக்கணும், அட்ரஸ் வேணும்னார். குடுத்தேன். என்ன மரியாதையான மனுஷன்பா!'

கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மை.

எழுந்து கதவுக்கு ஓடினாள். தோளால் தள்ளினாள். மரம் முனகியது, சட்டத்துக்குள் போகவில்லை. தாழ்ப்பாளை உள்ளங்கையால் அடித்தாள். தோல் பிய்ந்ததுதான் மிச்சம். இடைவெளியில் மாடிப்படி தெரிந்தது. காலி. இறங்கி ஓடிவிடலாம். கீழே ஒரே ஒரு வழிதான், அவன் ஏறி வரப்போகும் அதே வழி. படியில் எங்கேயோ தண்ணீர் சொட்டியது. மழையா? மழை வெளியே அல்லவா பெய்கிறது.

ஹெட்போன் மேஜையிலிருந்து எறும்புக் குரலில் கூப்பிட்டது. ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு இருந்த ஒரே கண் அதுதான்.

"அம்மா, கதவு திறக்குதும்மா. ஒரு ஆளு வரார். மெதுவா. வெறுங்காலோட."

"செருப்பு?"

"கையில வெச்சிருக்கார்."

அவள் கண்ணை மூடினாள். அப்படித்தான் வருவான். கேமராவில் பார்த்தது போதாமல், சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நேரில் வந்து பின்னால் நிற்பான். எவ்வளவு நேரம் நின்றான் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

"நான் என்ன பண்றேன் சார்?"

"உக்காந்திருக்கே. என்னோடதான் பேசறேன்னு நினைக்கிறேன்."

"என்ன பேசறேன்?"

"சத்தம் வராதும்மா. இது விலை கம்மி மாடல்."

அவளேதான் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள்.

"அப்புறம்?"

"உன் பின்னால நிக்கறார். நீ திரும்பவே இல்லை." அவர் மூச்சு வாங்கினார். "என் பையன் இன்னொரு போன்ல போலீஸுக்கு அடிச்சிட்டிருக்கான். உன் அட்ரஸைச் சொல்லு, சீக்கிரம்."

சொன்னாள். தெரு, கதவு எண், மாடி. இன்னொருவருக்கும் இப்போது முகவரி தெரியும்.

"அப்புறம் சார்? அப்புறம் என்ன நடக்குது?"

மறுமுனையில் மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு திறந்து மூடும் ஓசை. யாரோ மாத்திரை கேட்டார்கள்.

"சார்?"

"நாற்காலியில அந்த ஆளு உக்காந்திருக்கார்மா. உன் ஹெட்போன் அவர் காதுல. திரும்பி மேலே, நேரா என்னைப் பார்த்து என்னமோ பேசறார்."

"நான்?"

"இரு, பார்க்கறேன்மா."

"நான் எங்கே சார்?"

"நாலாவது பெட்டியில நீ இல்லைம்மா."

காற்று நின்றது. கதவு முனகவில்லை. நனைந்த தோல்செருப்பின் வாடை.

சொட்டு.

அவளுக்குப் பின்னால், தரையில்.

சொட்டு. இன்னும் பக்கத்தில்.

காதுக்குள் மருந்துக்கடைக்காரர் கத்தினார். "அம்மா, படத்துல நீ திரும்பவே இல்லை! அதை மட்டும் மாத்திப் பாரு! திரும்பிடு, திரும்பிடும்மா!"

இடது கையைத் தூக்க நினைத்து வலதைத் தூக்கியவள் அவள்.

பிடரியில் மூச்சு. சூடாக.

சொட்டு.

நீங்களே சொல்லுங்கள், அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால், திரும்புவீர்களா?